கசிவுக்குக் கால் காரணமல்ல

“பொம்பளை ஓட்டுற வண்டி, கிளட்ச் தாங்காது.” பானெட்டைத் திறக்கும் முன்பே பட்டறையில் விழுந்துவிடும் தீர்ப்பு இது.

பாதி கிளட்சில் ஓட்டினால் தேய்வது கிளட்ச் தட்டு. அப்போது எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது, கருகல் நாற்றம் வரும். ஹைட்ராலிக் கிளட்சில் பெடல் தொளதொளவென்று தரையோடு போய், கியர் விழ மறுத்தால் அது வேறு நோய். எண்ணெய் கசிகிறது, அல்லது குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ரப்பர் சீல் வயதானால் கசியும். மிதித்த கால் யாருடையது என்று அது கேட்பதில்லை.

தோழிகளே, நீங்களே குனிந்து பாருங்கள். பெடல் தண்டில் ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டர். கியர்பாக்ஸ் பக்கம் சொட்டினால் பெரும்பாலும் ஸ்லேவ் சிலிண்டர். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் எண்ணெய் டப்பா ஒன்றுதான். கசிவைத் தேடாமல், உங்கள் காலைக் குறை சொல்லி, எண்ணெயை ஊற்றி அனுப்புகிறவர் உங்கள் உயிரோடு விளையாடுகிறார்.

தட்டை மாற்றியதாக பில் வந்தால், பழைய தட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் பணம் கொடுப்போம். தேயாத தட்டுக்குப் பெண் என்பதற்காக அபராதம் கட்ட மாட்டோம்.