ஸ்போக் சாகணுமா வேண்டாமா - யார் முடிவு பண்றது?

ஒரு அறிவியல் புனைகதைத் தொடர் முப்பது வருஷம், நாப்பது வருஷம், அறுபது வருஷம்னு ஓடினா அதோட கதையை யார் தீர்மானிக்கணும்? எழுதறவரா, காசு போடற ஸ்டூடியோவா, இல்லை கூடவே வளர்ந்த ரசிகர்களா? ஸ்டார் ட்ரெக், ஸ்டார் வார்ஸ், டாக்டர் ஹூ... இதுல எதைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலும் கடைசியில் இந்தச் சண்டையில்தான் வந்து நிக்குது. "நாங்க இல்லேன்னா இந்தத் தொடரே இல்லை, அதனால கதையில் எங்களுக்கும் ஒரு ஓட்டு வேணும்" - இது ஒரு கட்சி. "பிடிச்சா பாரு, பிடிக்கலைன்னா எழுந்து போ" - இது எதிர்க்கட்சி.

நான் ரெண்டுலயும் இல்லை. என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். எங்கே வலிக்குதுன்னு சொல்ல ரசிகருக்கு முழு உரிமை உண்டு. ஆனா மருந்துச் சீட்டை அவர் எழுதக் கூடாது. எழுதியே தீரணும்னா அதுக்குப் படிச்சுட்டு வந்து, கீழே கையெழுத்தும் போட்டுத் தரட்டும்.

ஏன்னு கொஞ்சம் விலாவாரியா பார்க்கலாம்.

உயிர் கொடுத்தவங்க

ரசிகர்களோட சக்தியைப் பத்திப் பேசினா 1968-ல இருந்துதான் தொடங்கணும். 1966-ல் அமெரிக்காவுல என்பிசி டிவியில் ஆரம்பிச்ச ஸ்டார் ட்ரெக், ரெண்டாவது சீசனோட மூடப்படும்னு பேச்சு. பிஜோ ட்ரிம்பிள், ஜான் ட்ரிம்பிள்னு ஒரு தம்பதி கடித இயக்கம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. மூட்டை மூட்டையா கடிதம் போச்சு. கால்டெக் மாணவர்கள் பர்பாங்க்ல இருந்த என்பிசி ஆபீஸுக்கே ஊர்வலம் போனாங்க. கடைசியில் 1968 மார்ச் 1-ம் தேதி எபிசோட் முடிஞ்ச கையோட, தொடர் அடுத்த சீசனும் வரும்னு டிவியிலேயே அறிவிக்க வேண்டியதாப் போச்சு!

அந்த மூணாவது சீசன் ஒண்ணும் ஓஹோன்னு இல்லைங்கிறது வேற கதை. பட்ஜெட்டைக் குறைச்சாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தள்ளினாங்க. ஜீன் ராடன்பெரி தினசரி வேலையில் இருந்து ஒதுங்கிட்டார். முதல் எபிசோடே ஸ்போக்கோட மூளையை யாரோ களவாடிட்டுப் போற கதை. (பார்த்தவங்களுக்குத் தெரியும், கொடுமை.) 1969-ல் கடையை மூடிட்டாங்க. ஆனா அந்த சீசனும் சேர்ந்து மொத்தம் 79 எபிசோட் கையில் இருந்ததாலதான் உள்ளூர் சேனல்கள்ல மறுஒளிபரப்பு சாத்தியமாச்சு. அங்கேதான் ஸ்டார் ட்ரெக் நிஜமாவே பிறந்ததுன்னு சொல்லலாம். 1976-ல் நாசாவோட முதல் ஷட்டில் விமானத்துக்கு என்டர்பிரைஸ்னு பேர் வந்ததும் ரசிகர்கள் போட்ட கடிதங்களாலதான்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அவங்க கேட்டது "நிறுத்தாதீங்க" மட்டும்தான். கிர்க் யாரைக் காதலிக்கணும், கிளிங்கான்கள் எப்போ தோக்கணும்னு யாரும் பட்டியல் கொடுக்கலை. ஊரே கூடித்தான் தேரை இழுக்கணும். அதுல சந்தேகமே இல்லை. ஆனா தேர் எங்கே திரும்பணும்னு சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடறவர் பார்த்துக்குவார். வடம் பிடிக்கற ஆயிரம் பேரும் ஆளுக்கு ஒரு கட்டையோட சக்கரத்துக்குக் கீழே குனிஞ்சா என்ன ஆகும்?

ஸ்போக் விவகாரம்

1982-ல் வந்த 'தி ராத் ஆஃப் கான்' படத்தில் ஸ்போக் சாகப் போறார்ங்கிற செய்தி முன்கூட்டியே கசிஞ்சிடுச்சு. ரசிகர்கள் கொதிச்சுப் போனாங்க. அன்னிக்கு ஓட்டெடுப்பு வெச்சிருந்தா சாவு டெபாசிட் இழந்திருக்கும்.

படக்குழு என்ன பண்ணாங்க? சாவை எடுக்கலை. இடத்தை மாத்தினாங்க. ஆரம்ப ஸ்கிரிப்ட்ல சீக்கிரமே வந்த சாவு, படத்தோட கடைசிக்குப் போச்சு. அதோட விடலை. டைரக்டர் நிக்கோலஸ் மேயர் முதல் சில நிமிஷத்திலேயே, ஒரு பயிற்சி ஒத்திகையில் ஸ்போக் விழுந்து சாகற மாதிரி காட்டிட்டார். ஒத்திகை முடிஞ்சதும் ஸ்போக் எழுந்து வருவார், கிர்க் அவரைக் கிண்டல் பண்ணுவார். வதந்தி கேட்டுட்டு பதற்றத்தோட வந்தவங்க, "அட, இதுதானா மேட்டர்"னு நிம்மதியா சாஞ்சு உக்கார்ந்திருப்பாங்க. அதுக்கப்புறம் கிளைமாக்ஸ்ல கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்போக், இந்தப் பக்கம் கிர்க். நாப்பது வருஷம் கழிச்சும் ஸ்டார் ட்ரெக்னாலே பல பேருக்கு ஞாபகம் வர்றது அந்தக் காட்சிதான்.

ரசிகர்களோட கோபம் வீணாப் போகலை. அது படத்தை நிஜமாவே நல்லா ஆக்கிச்சு. ஆனா அவங்க கேட்டது நடந்திருந்தா அந்தக் காட்சியே கிடையாது. வலியைக் காதுல வாங்கிக்கிட்டாங்க, சீட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துட்டாங்க. நான் சொல்ல வர்றதோட சாரமே இதுதான்.

(1984-ல் அடுத்த படத்திலேயே ஸ்போக் திரும்பி வந்துட்டாரேன்னு கேப்பீங்க. வந்தார்தான், அந்தப் படத்தோட டைரக்டரே லியனார்ட் நிமாய்தான். எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அதுக்கப்புறம் இந்தத் தொடர்ல யார் செத்தாலும் "எப்போ திரும்பி வருவார்?"னுதான் முதல்ல தோணுது. சந்தோஷத்துக்கும் ஒரு விலை இருக்கு.)

கதவைத் திறந்து விட்டப்போ

அப்போ ரசிகர் கதைப் பக்கமே வரக் கூடாதா? வரலாம். கதவு வழியா வரலாம்.

1989-ல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' மூணாவது சீசனுக்கு எழுத்துக்குழுத் தலைவரா வந்த மைக்கேல் பில்லர் ஒரு காரியம் பண்ணார். ஏஜென்ட் இல்லாத சாதாரண ஆளுங்க அனுப்பற ஸ்கிரிப்டையும் வாங்கிப் படிக்க ஏற்பாடு செஞ்சார். ஹாலிவுட்ல யாரும் சுலபத்துல செய்யாத வேலை இது. வருஷக்கணக்கில் ஆயிரக்கணக்கான ஸ்கிரிப்ட் வந்து குவிஞ்சது.

அந்தக் குவியல்ல கிடைச்சவர்தான் ரொனால்ட் மூர். சின்ன வயசுல இருந்து ஸ்டார் ட்ரெக் பைத்தியம். அவர் எழுதி அனுப்பின 'தி பாண்டிங்', ஆய்வுப் பயணத்தில் அம்மாவைப் பறிகொடுத்த ஒரு சின்னப் பையனோட கதை. ரசிகர் எழுதினதுன்னா பத்து விண்வெளிச் சண்டையும் பழைய வில்லன் ஒருத்தரும் இருப்பாங்கன்னு நினைப்போம் இல்லையா? இதுல இருந்தது ஒரு குழந்தையோட துக்கம். அந்த ஆள்தான் பின்னாடி புது 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வை உருவாக்கினார்.

இன்னொண்ணு, 1990-ல் வந்த 'யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்'. இதுவும் வெளியில் இருந்து வந்த ஸ்கிரிப்ட்ல ஆரம்பிச்சு, எழுத்துக்குழுவில் பல கை மாறி வளர்ந்த கதை. முதல் சீசன்ல டாஷா யார்னு ஒரு பாத்திரம், காரணமே இல்லாம ஒரு ஜந்து கையால் சாகும். அந்தச் சாவு பல பேருக்கு உறுத்தலாவே இருந்தது. ஓட்டெடுப்புன்னா தீர்ப்பு சுலபம், "டாஷாவைத் திருப்பிக் கொண்டு வா". இந்தக் கதையில் அவளைத் திருப்பிக் கொண்டு வருவாங்க. வேறொரு காலக்கோட்டுல தான் அர்த்தமில்லாம செத்ததைத் தெரிஞ்சுக்கிட்டு, அர்த்தமுள்ள ஒரு சாவைத் தேடி அவளே கிளம்பிப் போவா. யாரும் இப்படி ஒண்ணைக் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா பார்த்த பிறகு வேற எதுவும் வேண்டாம்னு தோணும்.

டாக்டர் ஹூவில் இதை விட சுவாரசியமான கதை இருக்கு. 1986-ல் பிபிசியில் 'ஓபன் ஏர்'னு ஒரு நிகழ்ச்சி. அதுல ஒரு பதினாறு வயசுப் பையன், அந்த வருஷத்து டாக்டர் ஹூ கதை சரியில்லைன்னு, அதை எழுதினவங்க கிட்டயே நேருக்கு நேர் குறை சொன்னான். பேரு கிறிஸ் சிப்னால். 2018-ல் அதே தொடருக்குத் தலைமை எழுத்தாளரா வந்து உக்கார்ந்தார். 2020-ல் டாக்டரோட பூர்வீகத்தையே மாத்தி ஒரு எபிசோட் எழுதினார். அவ்வளவுதான், அன்னிக்கு அவர் சொன்னதை எல்லாம் ஒரு தலைமுறை ரசிகர்கள் அவருக்கே திருப்பிச் சொன்னாங்க :-)

எனக்கும் அந்த எபிசோட் பிடிக்கலை. ஆனா சிப்னால் மேல ஒரு மரியாதை உண்டு. குறை சொன்னதோட நிக்கலை. முப்பது வருஷம் தொழில் கத்துக்கிட்டு, சொந்தப் பேர்ல எழுதி, திட்டும் வாங்கிக்கிட்டார். ஓட்டுப் போடறவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. கதை சொதப்பினா எந்த வாக்காளரும் ராஜினாமா பண்றதில்லை.

நிஜமாவே ஓட்டுப் பெட்டி வெச்சாங்க

கறாரா பார்த்தா பேட்மேன் அறிவியல் புனைகதை இல்லை. ஆனா நேரடி ஓட்டெடுப்புக்கு இதை விட்டா நல்ல உதாரணம் கிடையாது. 1988-ல் டிசி காமிக்ஸ் ரெண்டு போன் நம்பர் கொடுத்தது. ராபினா இருந்த ஜேசன் டாட் பிழைக்கணும்னா ஒண்ணு, சாகணும்னா இன்னொண்ணு. ஒரு காலுக்கு 50 சென்ட். சாகட்டும் 5,343. பிழைக்கட்டும் 5,271. வெறும் 72 ஓட்டு வித்தியாசத்துல பையனை முடிச்சுட்டாங்க.

ஒரே ஆள் எத்தனை தடவை வேணும்னாலும் போன் பண்ணலாம். அப்போ அந்த 72 ஓட்டு யாரோடது? எல்லா ரசிகர்களோடதா, இல்லை கையில் சில்லறையும் மனசுல கடுப்பும் நிறைய வெச்சிருந்த நாலு பேரோடதா? இதுல பெரிய வேடிக்கை, 2005-ல் ஜேசனை உயிரோட திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க. மக்கள் தீர்ப்புக்கு மரியாதை அவ்வளவுதான்.

சத்தம் ஜெயிச்சா

ஓட்டுப் பெட்டி இல்லாம சத்தத்தாலேயே நடக்கற தேர்தல் இன்னும் மோசம். 2017-ல் 'தி லாஸ்ட் ஜெடை' வந்தது. ரோஸ் டிகோவா நடிச்ச கெல்லி மேரி டிரானை இனத்தைச் சொல்லியும் பெண்ங்கிறதைச் சொல்லியும் அசிங்கம் அசிங்கமா திட்டினாங்க. 2018-ல் அந்தப் பொண்ணு இன்ஸ்டாகிராம்ல இருந்ததை எல்லாம் அழிச்சுட்டுப் போச்சு. கதை பிடிக்கலைன்னு சொல்றது வேற, இது வேற. இதுக்கு ரசிகர்ங்கிற பேரே தகாது.

2019-ல் வந்த அடுத்த படத்தில் ரோஸ் வர்றது மொத்தமே ஒண்ணேகால் நிமிஷம்தான்னு கணக்குப் போட்டாங்க. கேரி ஃபிஷரோட பழைய காட்சிகளை வெச்சு எடுத்ததுல சிக்கல், அதான் வெட்டினோம்னு எழுத்தாளர் தரப்பில் காரணம் சொன்னாங்க. இருக்கலாம். ஆனா அந்தப் பொண்ணை விரட்டினவங்களுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி என்ன? கத்தினா நடக்கும்ங்கிறதுதான். அதே படத்தில், யாருமில்லாதவளா இருந்த ரே திடீர்னு பால்படைன் பேத்தி ஆயிட்டா. பெரிய குடும்பத்துல பிறக்காத பொண்ணும் நாயகியா இருக்கலாம்னு முந்தின படம் சொன்ன ஒரே புது விஷயமும் காலி. திருப்திப்படுத்தறதுக்காகவே எடுத்த மாதிரி இருந்த அந்தப் படத்தில் திருப்தி ஆனவங்க யாராவது இருக்கீங்களா, கை தூக்குங்க பார்ப்போம்.

ரசிகருக்குத் தெரிஞ்சது நேத்து பிடிச்சது. அதைத்தான் கேப்பார், அதுல தப்பே இல்லை. 1985-ல் டாக்டர் ஹூவில் 'அட்டாக் ஆஃப் த சைபர்மென்'னு ஒரு கதை வந்தது. 1966, 1967-ல் வந்த ரெண்டு பழைய கதைகள் ஞாபகம் இருந்தாத்தான் முழுசா புரியும். அதுல 1967 கதையோட பிரதி அப்போ பிபிசி கிட்டயே கிடையாது! தொலைஞ்சு போய், 90-களின் தொடக்கத்துலதான் ஹாங்காங்ல கிடைச்சது. தீவிர ரசிகர்களை மட்டும் மனசுல வெச்சு எழுதினா இந்த இடத்துலதான் போய் முட்டும்.

ஒரு நியாயமான கேள்வி

"எழுத்தாளர் முடிவுன்னு பெருசா பேசறியே, ராடன்பெரி 1991-லயே போயாச்சு. லூகாஸ் 2012-ல் டிஸ்னிக்கு வித்துட்டார். இப்போ முடிவு பண்றது கோட் சூட் போட்ட நிர்வாகிகள்தானே? அவங்களுக்கு நாங்க என்ன மட்டமா?"

எதிர்க்கட்சியில் எனக்குப் பிடிச்ச வாதம் இதுதான். மட்டமே இல்லை, பல சமயம் ரசிகருக்குத்தான் கதை நல்லாத் தெரியும். ஆனா ரசிகர் ஓட்டுன்னு ஒண்ணு வந்தா அது நிர்வாகி கையில் இருந்து அதிகாரத்தைப் பிடுங்காது. மேஜையில் எழுத்தாளருக்கு எதிரா காட்ட இன்னொரு காகிதத்தை அவர் கையில் கொடுக்கும். "சர்வே இப்படிச் சொல்லுது, மாத்து." நீங்க ஓட்டுப் போட்டது நிர்வாகியை எதிர்த்து. அது போய்ச் சேர்ந்த இடம் அவரோட சட்டைப்பை.

அதனால என் கோரிக்கைகள் மூணே மூணு. தொடரை நிறுத்தாதேன்னு கேளுங்க. பழசை அழிக்காதேன்னு கேளுங்க. (1997-ல் லூகாஸ் பழைய ஸ்டார் வார்ஸ்ல கை வெச்சு, கிரீடோ முதல்ல சுட்ட மாதிரி மாத்தினப்போ பழைய பிரதியும் வேணும்னு ரசிகர்கள் கேட்டது நூத்துக்கு நூறு நியாயம்.) பில்லர் திறந்த மாதிரி கதவைத் திறன்னு கேளுங்க. இதுல மூணாவதைத்தான் யாருமே கேக்கறதில்லைங்கிறது என் ஆதங்கம். கதையை மாத்துன்னு கையெழுத்து வேட்டை நடத்தறவங்கள்ல பத்து பேர் உக்கார்ந்து ஆளுக்கு ஒரு எபிசோட் எழுதினா, அதுல ஒரு ரொனால்ட் மூர் இருக்க மாட்டாரா என்ன?

டிஸ்கி: ஸ்டார் ட்ரெக்கையும் ஸ்டார் வார்ஸையும் ஒரே பதிவில் போட்டதுக்கு ரெண்டு தரப்பும் அடிக்க வரலாம். டாக்டர் ஹூ கோஷ்டிக்கு முன்னுரிமை, அவங்க நேத்தே வந்திருக்க முடியும்.