வாங்கும் முன் பயிற்சி

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்கிறது 1993-இல் வந்த பிரேடி சட்டம். அவருக்கு அதைக் கையாளத் தெரியுமா என்று மத்தியச் சட்டம் கேட்பதில்லை. பெரும்பாலான மாநிலங்களும் கேட்பதில்லை. இது பெருங்குறை. முதன்முதலாகக் கைத்துப்பாக்கி வாங்குபவர், மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நம்பிவிடலாம். உள்ளே ஏறிவிட்ட ஒரு தோட்டா அங்கேயே இருக்கும். பல மாடல்களில் விசையை அழுத்தினால் வெடிக்கும். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்யும் பழக்கம், ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தினால்தான் கைவரும்.

ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சட்ட உரிமை, அதற்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கலாமா என்று எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். 2008-இல் ஹெல்லர் வழக்கில் அவ்வுரிமையை உறுதிசெய்த உச்ச நீதிமன்றமே, அது வரம்பற்றதல்ல என்றும் சொன்னது. ஆபத்தில் இருப்பவரைப் பயிற்சி முடியும் வரை காத்திருக்க வைப்பதா என்ற கேள்வி கனமானது. பயிற்சி வகுப்பை இலவசமாக, சில நாள்களுக்குள் நடத்துவதே அதற்குப் பதில். அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதையும் மறக்கக் கூடாது. குறிபார்ப்பதைவிட, பூட்டி வைப்பதற்கும், வீட்டில் ஒருவர் மனமுடைந்திருக்கும்போது துப்பாக்கியை வெளியே ஒப்படைப்பதற்கும் பாடத்தில் கூடுதல் நேரம் வேண்டும். இந்தியாவின் 2016 ஆயுத விதிகள் உரிமம் கோருபவருக்குப் பாதுகாப்புப் பயிற்சியை வகுத்திருக்கின்றன. அமெரிக்க மாநிலங்களும் அதைச் சட்டமாக்க வேண்டும்.