நெட் போன நேரத்துக்கு யார் சாட்சி?

ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் பல்ப், கமரா எதை வாங்கினாலும் பெட்டியில் ஒரு வாக்குறுதி இருக்கும்: உலகத்தில எங்க இருந்தாலும் வீடு உங்கட கைக்குள்ளே. நெட் போனால் என்ன நடக்கும் என்று அதே பெட்டியில் ஒரு வரியும் இருக்காது. ஆனால் நாங்கள் சண்டைக்கு வந்தது அதுக்கில்லை. இந்த நாட்டில நெட் போகும், கரண்ட் போகும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டப்பட்டதைப் பார்த்த ஆக்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழுத் தீவும் இருண்டபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்குதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். இதெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது.

எங்கட கோபம் வேறு. நெட் போன நேரத்தில் எது ஓடவில்லை, எப்ப ஓடவில்லை, ஏன் ஓடவில்லை என்பதை இந்தப் பொருட்கள் ஒழுங்காக எழுதி வைப்பதில்லை. எழுதாமல் விட்ட இடத்தை 'ஒண்டும் நடக்கேல்லை' என்று வாசிக்க விடுகின்றன. அதன் விலையைக் கொடுப்பது கம்பனி இல்லை, அந்த வீட்டில் இருக்கிற ஆள்.

யாழ்ப்பாணப் பக்கம் இப்ப சாதாரணமாகிவிட்ட ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்கோ. பிள்ளைகள் கனடாவில, லண்டனில. வீட்டில் அம்மா, அவவுக்குத் துணையாகச் சம்பளத்துக்கு நிற்கிற ஒரு அக்கா. மகன் லீவில் வந்தபோது முற்றத்தில் கமரா, கிணற்று மோட்டருக்கு ஸ்மார்ட் பிளக், தண்ணீர்த் தாங்கிக்குள் ஒரு சென்சர் எல்லாம் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். விடிய 5 மணிக்கு மோட்டர் தொடங்கும். தாங்கி நிரம்பினதும் சென்சர் சொல்லும், பிளக் நிற்கும். ஆனால் சென்சர் பிளக்கிடம் நேராகச் சொல்வதில்லை. பத்து அடி தூரத்தில் இருக்கிற இரண்டு சாமான்கள், எங்கேயோ வெளிநாட்டில் இருக்கிற கம்பனி சேர்வர் ஊடாகத்தான் கதைக்கின்றன.

ஒருநாள் 5.10க்கு ஃபைபர் லைன் போகிறது. தாங்கி நிரம்புகிறது. சென்சர் சொன்ன செய்தி ரூட்டரைத் தாண்டவில்லை. தண்ணி வழிஞ்சு முற்றம் முழுக்க வெள்ளம், கிணறு அடிமட்டத்துக்குப் போய் மோட்டர் வெறுமையாக ஓடிச் சூடாகிக் கருகுகிறது. அக்கா மணத்துக்கு எழும்பி ஓடிவந்து மெயின் சுவிட்சை நிப்பாட்டுகிறா. பிறகு நெட் வருகிறது. மகன் அப்பைத் திறந்து பார்க்கிறார். 5.00 மணிக்கு ஒன் என்று இருக்கிறது. அதுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. தோல்வி என்று ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் சேர்வரைப் பொறுத்தவரை அந்தத் தாங்கி நிரம்பவே இல்லை. தொடங்காத கட்டளை தோற்றதாகக் கணக்கில் வராது.

பிறகு ஃபோன் வரும். "அக்கா, நீங்கள் சென்சரைக் கழட்டினீங்களோ?"

சம்பளத்துக்கு நிற்கிற ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லும், நேரம் போட்டுத் திரையில் வருகிற எழுத்தும் மோதினால் எது வெல்லும் என்று எல்லாருக்கும் தெரியும். பதிவு இல்லாத இடத்தில் சந்தேகம் எப்பவும் கீழ்நோக்கித்தான் ஓடும்.

கலைப்பீடத்து ஆக்களுக்கு இந்த வயர் விசயத்தில என்ன வேலை என்று கேட்பியள். ஆவணத்தில் இல்லாதது நடக்காததாகிவிடாது. யார் எழுதினது, எங்கே இருந்து எழுதினது, யாருடைய வசதிக்காக எழுதினது என்று கேட்க வேணும். வரலாறு படிக்கிற எவருக்கும் முதலில் சொல்லித்தரப்படுவது இதுதான். வீட்டுக்கு வெளியே இருந்து எழுதப்படுகிற குறிப்பில் வீடு எப்படித் தெரியும்? கரண்ட் போனதும் ரூட்டர் செத்ததும் வீதியில் கேபிள் அறுந்ததும் ஃபைபர் பில் கட்டாமல் விட்டதும், சேர்வருக்கு எல்லாம் ஒரே சொல்: ஒஃப்லைன். அதிலும் அது குறிக்கிற நேரம் உங்கட வீட்டில் தொடர்பு அறுந்த நேரம் இல்லை. வரவேண்டிய துடிப்பு வரவில்லை என்று தான் கவனித்த நேரம்.

கம்பனி சேர்வரை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே ஓடுகிற ஹோம் அசிஸ்டன்ட் மாதிரித் திறந்த மூல மென்பொருளைப் பாவியுங்கோ என்று சிலர் சொல்லுவினம். நாங்களும் அந்தப் பக்கம்தான். ஆனால் அதையும் கண்ணை மூடிப் புகழ மாட்டம். ஒரு பொருள் தொடர்பில் இல்லாத நேரம் அதுக்குக் கட்டளை போனால், அந்தப் படியை அது பேசாமல் தாண்டிவிட்டு ஒட்டோமேஷன் ஓடி முடிந்ததாகக் காட்டக்கூடும். ஒவ்வொரு ஒட்டோமேஷனுக்கும் கடைசி 5 ஓட்டங்களின் தடயத்தைத்தான் இயல்பாக வைத்திருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா ஓடுகிற ஒன்று என்றால் அரை மணித்தியாலத்துக்குள் சாட்சி அழிஞ்சு போச்சு. கூட வைக்கச் சொல்லி மாற்றலாம்தான், ஆனால் அதை மாற்ற வேணும் என்று தெரிஞ்ச ஆள் முதல்நாளே வேணும். நெட் போச்சு என்ற அறிவித்தலை ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி வைச்சிருப்பியள். அந்த அறிவித்தல் தூரத்தில் இருக்கிற ஃபோனுக்குப் போறதே நெட் வழியாகத்தான்!

மணிக்கூடு இன்னொரு கூத்து. பலர் இதை ஓட்டுகிற ராஸ்பெரி பையின் பழைய மொடல்களில், 4 வரைக்கும், பற்றரியோடு ஓடுகிற மணிக்கூடு கிடையாது. நேரத்தை நெட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். கரண்டும் நெட்டும் சேர்ந்து போய், கரண்ட் மட்டும் திரும்பி வந்தால், தான் கடைசியாக அறிந்த நேரத்தில் இருந்து அது எண்ணத் தொடங்கும். அந்த நேரத்தில் எழுதுகிற குறிப்புகள் எல்லாம் பிழையான நேரத்தோடு நிற்கும். பிழையான நேரம் போட்ட சாட்சி, சாட்சி இல்லாததை விட மோசம்.

சின்னக் கம்பனி, மலிவுச் சாமான் என்று சாட்டுச் சொல்ல வேண்டாம். 2017 பெப்ரவரி 28 அமேசனின் எஸ்3 சேமிப்புச் சேவை சுமார் நான்கு மணித்தியாலம் முடங்கினது. சேவைகளின் நிலைமையைக் காட்டுகிற அவர்களின்ர பலகையை மாற்றுகிற கருவியும் அதே எஸ்3ஐத்தான் நம்பியிருந்தது. பாதி இணையம் தடுமாறிக்கொண்டிருக்க, பலகை பச்சையாகவே நின்றது. கடைசியில் ருவிற்றரில் அறிவித்தார்கள். 2021 ஒக்டோபர் 4 பேஸ்புக் சுமார் ஆறு மணித்தியாலம் விழுந்தபோது, என்ன பிழை என்று தேடுகிற உள்கருவிகளும் சேர்ந்தே விழுந்தன. விழுகிற சாமானையே விழுந்ததுக்குச் சாட்சி வைத்ததால் வந்த வினை. ஆனாலும் அவர்களுக்கு இரவிரவாகத் தேடிப்பார்க்கப் பொறியியலாளர்கள் இருந்தார்கள், பிறகு காரணத்தை எழுதியும் வெளியிட்டார்கள். எங்கட அக்காவுக்கு அப்படி எழுதிக் கொடுக்கப்போவது ஆர்?

இது செய்ய ஏலாத வேலையும் இல்லை. எம்கியூடிடி என்ற செய்தி முறையை 1999இல் அன்டி ஸ்ரான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கினது எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாகக் கண்காணிக்க. அடிக்கடி அறுகிற, காசு கூடின தொடர்பு அது. அதனால்தான் அதில் 'கடைசி உயில்' என்று ஒன்று இருக்கிறது: தொடர்பில் சேரும்போதே ஒரு பொருள், நான் சொல்லாமல் கொள்ளாமல் போனால் என்ர பேரில் இந்தச் செய்தியை மற்றவர்களுக்குச் சொல்லு என்று எழுதிக் கொடுத்துவிடும். அறுந்துபோகும் என்று முதலே ஒப்புக்கொண்டு கட்டின முறை. செய்தியைக் கையாளுகிற சேர்வரை வீட்டுக்குள்ளே வைச்சால், நெட் போனாலும் அந்த உயில் வாசிக்கப்படும். எங்களுக்கு விற்கிறவர்கள் நெட் அறுகவே அறுகாது என்று நடித்துக்கொண்டு கட்டியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வாட்டில் நேர்ஸ் எழுதுகிற மருந்துத் துண்டைப் பாருங்கோ. மருந்து கொடுக்காவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. கொடுக்கவில்லை, இதுதான் காரணம் என்று எழுத வேணும். அவ்வளவுதான் நாங்கள் கேட்கிறதும். செய்யாததையும் எழுது. வீட்டுக்குள்ளேயே எழுது. நெட் வந்த பிறகு கம்பனிக்கு அனுப்பு, ஆனால் மூலப்பிரதி வீட்டில் இருக்கட்டும். 'கட்டளை அனுப்பினேன்' என்பதையும் 'வேலை நடந்தது' என்பதையும் ஒரே சொல்லில் மறைக்காதே. அந்தக் குறிப்பைக் கனடாவில் இருக்கிற மகன் மட்டும் இல்லை, மோட்டருக்குப் பக்கத்தில் நிற்கிற அக்காவும் தமிழில் வாசிக்கக்கூடியதாக இருக்க வேணும்.

சாதாரண ஆக்களுக்கு இந்த விபரம் எல்லாம் தேவையில்லை, குழம்பிப்போவினம் என்று ஒரு பதில் வரும். கரண்ட் மீற்றரைச் சுவரில் பூட்டி, வீட்டுக்காரர் எவரும் போய் இலக்கத்தைப் பார்க்க விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துக் குழம்பிச் செத்தவர் இல்லை.

கடைசியாக, யூரியூப்பில் ஸ்மார்ட் சாமான் விமர்சனம் செய்கிற எங்கட தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும். பெட்டியைத் திறக்கிறியள், நிறத்தைக் காட்டுறியள், குரலில் சொல்லி லைற்றைப் போட்டுச் சிரிக்கிறியள். ரூட்டரின்ர வயரை ஒருக்காக் கழட்டிப் பார்த்தனீங்களோ? இனி நாங்கள் இந்தச் சாமான்களுக்கு விமர்சனம் எழுதும்போது இரண்டு மணித்தியாலம் அதைக் கழட்டி வைப்பம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓடவேண்டிய மூன்று ஒட்டோமேஷன் வைப்பம். திரும்பப் பூட்டினதும் பதிவில் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை என்பதை விலைக்குப் பக்கத்திலேயே போடுவம்.