மீளப் பயன்படுத்தும் சுகாதாரத் துவாய்களைப் பாடசாலை மாணவிகளுக்கு வழங்கக் கோரும் மனு

பெறுநர்: வலயக் கல்விப் பணிப்பாளர், தென்மராட்சி, சுகாதார வைத்திய அதிகாரி, சாவகச்சேரி.
அனுப்புநர்: மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், சாவகச்சேரி.



வசதி குறைந்த பாடசாலைகளின் ஏறத்தாழ 8 இலட்சம் மாணவிகளுக்குச் சுகாதாரத் துவாய் வாங்க 1,200 ரூபாய் வவுச்சர் வழங்கும் திட்டத்தை அரசு 2024இல் கொண்டுவந்ததை நன்றியுடன் வரவேற்கிறோம். மாதவிடாய் வயதுப் பெண்கள் உள்ள குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி துவாய்க்கென எதுவும் செலவிடவில்லை என 2016ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின ஆய்வு காட்டியிருந்தது. பொருளாதார நெருக்கடி அதன் பிறகே வந்தது. ஆயினும் வவுச்சரில் வாங்கியது தீர்ந்ததும் பிள்ளை பழைய நிலைக்கே திரும்புகிறாள். மாதம் 12 துவாய் என்று கொண்டால் ஆறு ஆண்டுகளில் ஒரு மாணவிக்கு 864 தேவை. தமிழ்நாட்டிலுள்ள ஓரோவில்லின் ஈகோஃபெம் நிறுவனம் தயாரிக்கும் துணித் துவாயை ஏறத்தாழ 75 தடவை கழுவிப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். அப்படியானால் 12 துவாய்கள் அந்த ஆறு ஆண்டுகளுக்கும் போதும். நம் நாட்டிலேயே செலின் கைத்தறி நிறுவனம் இத்தகைய துவாய்களைத் தைக்கிறது.

'பழந்துணிக் காலத்துக்கே திரும்பச் சொல்கிறீர்களா?' என்று சிலர் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நம் தாய்மார் பட்ட அவதி இருக்கிறது, அதை அலட்சியப்படுத்த மாட்டோம். ஆனால் இந்தத் துணித் துவாய் கிழிந்த சேலைத்துண்டு அல்ல. பல அடுக்குப் பருத்தி, அடியில் ஈரம் கசியாத படை, உள்ளாடையில் நிற்கப் பொத்தான் வைத்த இரு சிறகுகள் எனத் தைக்கப்படுவது. துணியால் தொற்று வரும் என்ற அச்சத்துக்குக் காரணம் துணியைவிட, அதை வெட்கத்தால் இருட்டறையில் ஒளித்து ஈரத்தோடு மடித்துவைக்கும் பழக்கமே. சாமத்திய வீட்டைப் பந்தலிட்டுக் கொண்டாடும் நாம், அதே பிள்ளையின் துணிக்கு முற்றத்து வெயிலில் ஒரு கொடி கட்ட மறுக்கிறோம். நமது கிணற்று நீரின் சுண்ணாம்புத்தன்மையால் சவர்க்காரம் நுரைக்காது என்பதும் உண்மை. ஆயினும் முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் கறை இலகுவில் விடும். கழிவோ இன்னும் பெரிய சிக்கல். பிளாஸ்டிக் கலந்த துவாய்கள் மலசலகூடக் குழியில் விழுகின்றன அல்லது வளவில் எரிகின்றன. நிலத்தடி நீரை நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இது சிறிய கேடு அல்ல. இத்தகைய கழிவைத் தவிர்க்கக் கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2018 வெள்ளத்தை அடுத்து, 2019இல் 5,000 மாதவிடாய்க் கிண்ணங்களை இலவசமாக வழங்கியது. எனினும் மாணவிகளுக்குத் துணித் துவாயே இலகு என்பது எமது எண்ணம்.

எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டில் நீரோ தனிமையோ இல்லாத பிள்ளைக்கு வவுச்சர் தொடர வேண்டும். விரும்பும் மாணவிக்கு 12 துணித் துவாய்களும், நீர் புகாத பை ஒன்றும் வழங்குங்கள். குடும்ப நல உத்தியோகத்தர்கள் தவணைதோறும் பாடசாலைக்கு வந்து கழுவும், உலர்த்தும் முறையைக் கற்பிக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன், ஒவ்வொரு மாணவியர் மலசலகூடத்திலும் தாழ்ப்பாள், குழாய் நீர், மூடியுள்ள வாளி மூன்றும் உள்ளனவா என நேரில் வந்து பாருங்கள். அடுத்த தவணை தொடங்குமுன் இதற்கு ஒரு நாள் குறித்து எமக்கு அறியத்தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.