யாருடைய விசுவாசம்?

ஆஸ்திரேலியாவில் பிறந்த கால்பந்து வீரர் ரயன் வில்லியம்ஸ், இந்தியாவுக்கு ஆடுவதற்காக 2025இல் அந்த நாட்டுக் குடியுரிமையையே விட்டார். இங்கே இரட்டைக் குடியுரிமை கிடையாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினருக்குத் தேசிய அணியில் இடமும் கிடையாது. "ரெண்டு நாட்டுக்காரனுக்கு நாட்டுப்பற்று எப்படி வரும்?" என்கிறார்கள் எங்கள் உடன்குடி நண்பர்கள். அவர்களில் சிலர் வீட்டில் வளைகுடாக் காசில்தான் அடுப்பு எரிகிறது, அது வேறு கதை. 2022 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள்.

சரி, ஒரே பாஸ்போர்ட் வைத்திருந்த வந்தனா கட்டாரியாவுக்கு என்ன கிடைத்தது? 2021இல், டோக்கியோ ஒலிம்பிக் ஹாக்கியில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். சில நாளில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்றது. ஹரித்வார் பக்கம் அவர் வீட்டு வாசலில் ஆதிக்கசாதி ஆட்கள் பட்டாசு வெடித்து ஆடினார்கள், சாதி சொல்லி ஏசினார்கள், அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்றார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள்.

இந்தியா தோற்றதற்குப் பட்டாசு வெடித்தவர்களும் இந்தியக் குடிமக்கள்தான். இரட்டைக் குடியுரிமை எல்லாம் இல்லை. விசுவாசத்தைச் சோதித்தே ஆக வேண்டுமென்றால் அந்த வாசலிலிருந்து தொடங்குங்கள். இரண்டு பாஸ்போர்ட்காரர் ஆடட்டும், விடுங்கள்.