பேயின்மேற் பழி

காய்ச்சல் வரினும் கடன் பெருகினும் ‘சாத்தான் தாக்கினான்’ என்று கிறித்தவருட் சிலர் கூக்குரலிடுகின்றனர். அஃது அவர்தம் முன்னோர் நெறிக்கே மாறாமென்க. அயலார் நூலாயினும் உள்ளது கூறுதல் நம் கடன்.

எகிப்தியப் பாலைநிலத்துத் துறவியாய் 399-இல் மறைந்த எவாகிரியர், பகை புகும் வாயில்கள் எட்டுத் தீய எண்ணங்களே எனக் கண்டு, ஒவ்வொன்றையும் எதிர்க்கும் வேதவசனங்களைத் தொகுத்தார். நண்பகற் சோர்வே அவற்றுட் கொடிதென்றார். ஞாயிறு நகராததுபோற் காட்டித் துறவியை அறைவிட்டோடத் தூண்டுவது அது. (பேயோட்டுவார் இதனைப் பேசக் கேட்டிலேம், கூட்டஞ் சேராது போலும்!)

1548-இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் ஒப்பிய இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’, உள்ளம் வறண்டகாலத்து முன்செய்த தீர்மானத்தை மாற்றற்க என்றும், மறைவை விரும்பும் பகைவனது சூழ்ச்சியை நற்குருவிடம் வெளியிடுக என்றும் விதிக்கின்றது. ‘பேயின் செயலாயின் எமக்கென்ன குற்றம்?’ என்பாராயின், அவ்வறட்சிக்கு அந்நூல் முதற்கண் கூறுங் காரணம் பேயன்று. வழிபாட்டில் நாம் காட்டும் சோம்பலே.