காக்கிச் சட்டைக்குத் தனி நீதியா?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓசூரில் என் வீட்டையொட்டி நடந்த ஒரு நிகழ்வை இதுவரை நான் எழுதியதில்லை. எங்கள் வீட்டில் நான்கு பவுன் சங்கிலி ஒன்று காணாமல் போனது. குடியிருப்பின் இரவுக் காவலாளி ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். சந்தேகம் அவர் மீது விழுந்தது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது, 'சற்றுக் கண்டிப்பாக விசாரியுங்கள்' என்று நானே சொன்னேன். இரவில் அழைத்துச் செல்லப்பட்டவர், மறுநாள் மாலை ஒரு காலை இழுத்தபடி திரும்பினார். நான்காம் நாள் அந்தச் சங்கிலி பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் கிடைத்தது. அதற்குள் அவர், அந்த மாதச் சம்பளத்தைக்கூட வாங்காமல் ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். அவர் மீது வழக்கு இல்லை, கைதும் இல்லை. அவரை அடித்தவர்கள் மீதும் எதுவும் இல்லை. பதிவேடுகளைப் பொறுத்தவரை அப்படி ஓர் இரவு வரவே இல்லை.

2025 ஜூன் இறுதியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்திலிருந்து வந்த செய்தி அந்த இரவை எனக்கு நினைவூட்டியது. அங்கும் ஒரு நகைப் புகார்தான். அங்கும் சந்தேகத்துக்கு ஆளானவர் ஒரு காவலாளிதான். பத்ரகாளியம்மன் கோயிலில் பணியாற்றிய 27 வயது அஜித்குமார், காவல் துறையினரின் விசாரணையில் உயிரிழந்தார். அவர் உடலில் 44 காயங்கள் இருந்ததை உடற்கூறாய்வு காட்டியது. ஐந்து காவலர்கள் கைது செய்யப்பட்டனர். வழக்கு சிபிஐ வசம் சென்றது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டார். முதலமைச்சர் குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவித்தார்.

அந்த இளைஞர் உயிரோடு திரும்பினார், அஜித்குமார் திரும்பவில்லை. இரண்டுக்கும் இடையே இருந்தது சட்டத்தின் பாதுகாப்பு அன்று, தற்செயல் மட்டுமே.

குற்றம் செய்த குடிமகனும் குற்றம் செய்த காவலரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. நடைமுறை என்ன சொல்கிறது? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் தரவுகளின்படி, 2001 முதல் 2020 வரையிலான இருபது ஆண்டுகளில் நாடு முழுவதும் காவல் துறையினரின் பொறுப்பில் இருந்தபோது உயிரிழந்தவர்கள் 1,888 பேர். காவலர்கள் மீது பதிவான வழக்குகள் 893. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்ட காவலர்கள் 358 பேர். தண்டிக்கப்பட்டவர்கள் 26 பேர்.

இந்த எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். 1,888 மரணங்களுள் நோயால் நேர்ந்தவையும் தற்கொலைகளும் உண்டு. எல்லாவற்றையும் கொலை எனக் கொள்வது நியாயம் ஆகாது. வழக்குகளின் எண்ணிக்கையும் ஆட்களின் எண்ணிக்கையும் ஒரே அளவுகோல் அல்ல என்பதால் ஒன்றை மற்றொன்றால் வகுப்பதும் பிழை. அவ்வளவு தள்ளுபடி செய்த பிறகும், குற்றப்பத்திரிகை வரை சென்ற 358 பேரில் 26 பேர் என்பது நூற்றுக்கு ஏழு. அதே ஆவணக் காப்பகம் பொதுவான இந்திய தண்டனைச் சட்ட வழக்குகளில் அண்மைக் காலத்தில் காட்டும் தண்டனை விகிதம் ஏறத்தாழப் பாதி. இரண்டும் ஒரே முறையில் கணக்கிடப்பட்டவை அல்ல. ஆயினும் இடைவெளியின் அளவை மறைக்க இயலாது.

குற்றத்தைப் பொருளியல் நோக்கில் ஆராய்ந்த கேரி பெக்கர் 1968-இல் எழுதிய கட்டுரையின் சாரம் எளிது. குற்றம் செய்ய நினைப்பவரைத் தடுப்பது தண்டனையின் கடுமை மட்டுமன்று. தண்டனை கிடைக்கும் வாய்ப்பும்தான். இரண்டையும் பெருக்கினால் வருவதே அவர் எதிர்நோக்கும் இழப்பு. சட்டப் புத்தகத்தில் தூக்குத் தண்டனையே இருந்தாலும், அது கிடைக்கும் வாய்ப்பு பூஜ்யத்தை நெருங்கினால் பெருக்குத்தொகையும் பூஜ்யத்தையே நெருங்கும். காவல் நிலையத்து லத்திக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான்.

நம் பகுதிக்கு இந்தக் கணக்கு புதிதன்று. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்படாத தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்த காலத்தில், 1992 ஜூன் 20 அன்று, சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்திக்குள் சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தனர். பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன. குற்றம் சாட்டப்பட்ட ஊரார் உடனே சிறைக்குச் சென்றனர். குற்றம் செய்த அரசு ஊழியர்கள் மீது சிபிஐ விசாரணை வருவதற்கே உயர்நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது, அதுவும் 1995-இல்தான். 269 பேர் மீதான அவ்வழக்கில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29 அன்று. அதற்குள் 54 பேர் இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களில் 84 பேர் காவல் துறையினர். மேல்முறையீடுகளை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது ஆண்டு 2023. ஊரார் சிறைக்குப் போக ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அதிகாரிகளின் குற்றம் உறுதியாக 31 ஆண்டுகள் ஆயின.

இந்தத் தாமதம் தனி மனிதர்களின் தீய எண்ணத்தால் மட்டும் நேர்வதன்று. அமைப்பிலேயே அதற்கான வாயில்கள் உள்ளன.

முதல் வாயில் பதிவு. கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. புகார் காவலர் மீதே என்றால், அதைப் பதிவு செய்ய வேண்டியவர் அவருடைய சக ஊழியர்.

இரண்டாம் வாயில் சாட்சியம். நிலையத்தின் சுவர்களுக்குள் நடப்பதற்குச் சாட்சி அங்கிருப்பவர்களே. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, அந்நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டார். நடுவரின் விசாரணைக்கே இடையூறு நேர்ந்ததால், நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் வைக்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வழிசெய்ய வேண்டியிருந்தது. உண்மையைச் சொல்லத் துணிந்தவர் அங்கேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர். அந்த வழக்கின் விசாரணையும் ஐந்தாண்டுகளைக் கடந்தது.

மூன்றாம் வாயில் அரசின் முன் அனுமதி. உயர் அதிகாரிகள் மீது, பணி தொடர்பான செயலுக்காக வழக்குத் தொடர அரசு இசைய வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆம் பிரிவு. புதிய சட்டத்தில் அது 218. நேர்மையாகக் கடமையாற்றுவோரைப் பொய் வழக்குகளிலிருந்து காப்பதே அதன் நோக்கம். ஆனால், ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளிக்குள் நுழைந்தால் இந்தக் கவசம் மேலும் தடிக்கிறது. 1963-ஆம் ஆண்டின் கர்நாடகக் காவல் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, அதிகாரத்தை மீறிய செயலுக்கும் முன் அனுமதி கோருகிறது. பெங்களூரைச் சேர்ந்த ஒரு வழக்கில், மீறல் கடமையோடு தொடர்புடையதாயின் இப்பாதுகாப்பு உண்டு என 2020 ஜூனில் உச்சநீதிமன்றம் கூறியது. சாத்தான்குளம் நிகழ்ந்ததும் அதே மாதத்தில்தான்.

நான்காம் வாயில் கண்காணிப்பு. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில், மாநில அளவிலான காவல் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும் என உச்சநீதிமன்றம் பணித்தது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டமோ, மாநில அளவில் உள்துறைச் செயலரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் தலைவர்களாக்கி, காவல் தலைமை இயக்குநரையும் கண்காணிப்பாளரையும் உறுப்பினர்களாக்கியது. தேர்வெழுதியவரே விடைத்தாளைத் திருத்தினால் மதிப்பெண் எப்படியிருக்கும் என்பதை ஓர் ஆசிரியனாக நான் அறிவேன்.

ஓசூர் போன்ற எல்லைத் தொழில் நகரத்தில் இந்தக் குறைகள் இரட்டிப்பாகின்றன. சிப்காட் ஆலைகளையும் கட்டுமானத் தளங்களையும் நம்பி ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தோர் இங்கு ஏராளம். அவர்களுக்காகக் காவல் நிலையத்துக்கு வர உறவினர் இல்லை, வழக்கறிஞர் இல்லை, மொழியும் இல்லை. எல்லை கடந்து வரும் காவலர்களாலும் ஆபத்து உண்டு. 2023 ஜூனில் கிருஷ்ணகிரி மாவட்டம் புளியாண்டப்பட்டியைச் சேர்ந்த குறவர் சமுதாயத்தினரை ஆந்திரத்தின் சித்தூர் காவல் துறையினர் அழைத்துச் சென்று சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்தது. ஒரு மாநிலத்தவர் மீதான புகாரை மற்றொரு மாநிலக் காவலருக்கு எதிராக நடத்த ஓர் ஏழைக் குடும்பத்தால் எத்தனை முறை எல்லை கடக்க முடியும்?

காவல் துறையினர் தரப்பிலும் நியாயம் உண்டு. 2016 ஜூனில் இதே ஓசூரில் வழிப்பறிக் கொள்ளையரைப் பிடிக்க முயன்ற தலைமைக் காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். ஓய்வற்ற பணி, ஆள் பற்றாக்குறை, 'உடனே கண்டுபிடி' என்ற மேலிட அழுத்தம் ஆகியவற்றுக்கு நடுவே அவர்கள் உழைக்கின்றனர். குற்ற வழக்கோடு துறை நடவடிக்கையையும் சந்திப்பதால் தங்களுக்கே இரட்டைத் தண்டனை என்கின்றனர். ஆனால், துறை நடவடிக்கை பெரும்பாலும் ஆயுதப்படைக்கு மாற்றம் அல்லது தற்காலிகப் பணிநீக்கத்தோடு நின்றுவிடுவதைப் பார்க்கிறோம். சிறைக்குப் போவோர் காவலர்களும் உதவி ஆய்வாளர்களுமே. அழுத்தம் தந்த மேலதிகாரி பெரும்பாலும் இடமாற்றத்தோடு தப்புகிறார். ஆகவே, நியாயமான பொறுப்புக்கூறல் கடைநிலைக் காவலருக்கும் பாதுகாப்பே.

செய்ய வேண்டியவை புதியன அல்ல. புகார் ஆணையங்களுக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமை ஏற்க, 2013-ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட வேண்டும். முன் அனுமதி குறித்து 120 நாள்களுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம் என்கிறது புதிய நடைமுறைச் சட்டம். அந்த நாள்களை எண்ண ஒரு பொதுப் பதிவேடு வேண்டும். கேமரா பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்ற 2020 டிசம்பர் உத்தரவு நிறைவேறுகிறதா என்பதை மாவட்ட நீதிபதிகள் நேரில் சோதிக்க வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. அதை ஏற்புறுதி செய்யச் சட்ட ஆணையம் 2017-இல் பரிந்துரைத்தும் சட்டம் வரவில்லை.

இழப்பீட்டிலும் ஒரு மாற்றம் வேண்டும். அரசு கருவூலத்திலிருந்து கொடுத்தால் அடித்தவருக்கு இழப்பில்லை. வரி செலுத்துவோரே அபராதம் கட்டுகின்றனர். வாச்சாத்திப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்ட உயர்நீதிமன்றம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கச் சொன்னது. அந்த வழி விதியாக வேண்டும்.

இவ்வளவும் அரசு செய்ய வேண்டியவை. குடிமக்களுக்கும் ஒரு கடமை உண்டு. 'கண்டிப்பாக விசாரியுங்கள்' என்று சொல்லும்போது எதைக் கேட்கிறோம் என்பதை நாம் அறிந்தே இருக்கிறோம். நான் அறிந்திருந்தேன். சங்கிலி கிடைத்த அன்று காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னேன். அந்த இளைஞரின் ஊர் முகவரியைக் குடியிருப்புச் சங்கத்தில் கேட்டேன். யாரிடமும் இல்லை. அவருக்குச் சேர வேண்டிய ஒரு மாதச் சம்பளம் சங்கத்தின் கணக்கில் இன்னும் இருக்கிறது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)